இருபத்திரண்டு தலைகளும் ஒரு கழிப்புப் படிவமும்

வைக்கோல் கொட்டகையின் சன்னல்களுக்கெல்லாம் சாக்கு கட்டியிருந்தோம். வெளியே மத்தியான வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நாற்பது ஐம்பது பேர் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டி. புரொஜெக்டர் கரகரவென்று ஓடியது. வேட்டியில் மாரப்பன் தோன்றினான்.

மாரப்பன் ஒரு பொம்மை. ஒரு சாண் உயரம், எலுமிச்சம்பழ அளவுத் தலை. மேசைமேல் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். வேட்டியில் அவன் தலை பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. தன் மாட்டுக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள் என்று கேட்டதும் அவன் கண்கள் முட்டைபோல் உருண்டன. பிறகு யோசித்தான், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு சம்மதித்துச் சிரித்தான். மேல் வரிசை, கீழ் வரிசை, எல்லாப் பற்களும் தெரிந்தன.

முன்வரிசையில் இருந்த லட்சுமக்கா எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து ஊரில் ஆறு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவர் சொன்னால் அந்த ஊர் கேட்கும்.

"ஐயோ, மாட்டுக்கு ஊசி அப்பறம் போடலாம். மொதல்ல இவனுக்கு வேப்பிலை அடிங்கப்பா!"

கொட்டகையே சிரித்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "மாடு நல்லாத்தான் கீது, மனுசனுக்குத்தான் பேய் புடிச்சிக்கினு கீது" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஜமால் நின்றிருந்தான். மாரப்பனைச் செய்தவன் அவன். வேட்டியைப் பார்க்கவில்லை; சிரிப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஊசி மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மாட்டு டாக்டர் காத்திருந்தார். ஒரு மாடுகூட வரவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் மாடுகளைத் தேன்கனிக்கோட்டையில் உள்ள உறவினர் வீட்டுக்கே ஓட்டிப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது.

யார் இந்த ஜமால்

இந்தத் தொடரில் என் அலுவலக நாற்காலியைப் பற்றி மட்டுமே மூன்று வாரம் எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். நியாயம்தான். அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்த சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

மத்திகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் அப்போது நான் குமாஸ்தா. சேலம் ஜில்லாவின் வடக்கு ஓரம். காலையில் கன்னடம், மத்தியானம் தெலுங்கு, சம்பளப் பட்டியலில் மட்டும் இங்கிலீஷ். வெக்கை நோய் வந்தால் ஊரில் மாடே இல்லாமல் தொழுவமெல்லாம் காலியாகும் காலம். தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால், ஊசி போட்டால் பால் வற்றும் என்று ஊருக்கு ஊர் பேச்சு. சொல்லிப் புரியவைக்க முடியாததைப் படம் காட்டிப் புரியவைக்கலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றி, ஒரு காமிராவும் இரண்டு பெரிய விளக்குகளும் ஒரு தற்காலிக ஓவியரும் எங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கடிதத்தில் அந்த வரிசையில்தான் எழுதியிருந்தது.

ஓவியர்தான் ஜமால். கிருஷ்ணகிரிக்காரன், என் வயது. அவன் அப்பா அங்கே புளி மண்டி வைத்திருந்தார். மகன் மதராஸில் ஓவியப் பள்ளிக்குப் போனதை அவர் ஒரு நீண்ட காய்ச்சல்போலப் பொறுத்துக்கொண்டார். இப்போது பொறுமை தீர்ந்திருந்தது. "பங்குனி வரைக்கும் பாக்குறேன். பொம்மை வேலை நிலைக்கலன்னா கடையில வந்து உக்காரு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பங்குனியோடு தற்காலிகப் பணியும் முடிந்தது. படத்தால் பயன் உண்டு என்று எங்கள் டாக்டர் நஞ்சுண்டய்யா மேலிடத்துக்கு எழுதினால் இன்னும் மூன்று படங்களுக்கு ஜமால் இருப்பான். எழுதாவிட்டால் மண்டி.

டாக்டரின் அளவுகோல் எளிமையானது. கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டார்: "நோடப்பா ஜமால், எனக்குக் கலை கிலை தெரியாது. படம் பார்த்த மறுநாள் மாடு வந்தா எழுதறேன். வரலைன்னா பேனாவே திறக்கமாட்டேன்."

தலை செய்யும் விதம்

நோயுற்ற மாடுகளைத் தனியாகக் கட்டும் கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. அதுதான் எங்கள் ஸ்டூடியோ. பினாயில் வாடை எத்தனை கழுவியும் போகவில்லை.

தலைகளைக் காகிதக் கூழில் செய்தான். காகிதம் என் உபயம்: காலாவதியான சுற்றறிக்கைகள். ஊறவைத்து, அரைத்து, புளியங்கொட்டையைக் காய்ச்சி எடுத்த பசையோடு பிசைவான். புளியங்கொட்டை அப்பாவின் மண்டியிலிருந்தே வந்தது. எதற்கென்று அவருக்குச் சொல்லவில்லை. மாட்டுத் தீவனம் என்று நினைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். கூழ் காய்ந்ததும் சுண்ணாம்புத் தூள் பூசித் தேய்த்து வர்ணம் அடித்தால் முகம். என் அனுபவத்தில் சுற்றறிக்கையில் உணர்ச்சி வந்தது அந்த ஒரு முறைதான்.

புருவத்துக்குப் பண்ணையின் பொலிகாளை வாலிலிருந்து மயிர். அதற்கு நான் முறைப்படி அனுமதி வாங்கினேன். காளையிடம் அல்ல, டாக்டரிடம்.

முகபாவம் மாறவேண்டுமென்றால் தலையையே மாற்றவேண்டும். பயந்த தலை, பாதி பயந்த தலை, வாய் திறந்த தலை, சிரிக்கத் தொடங்கும் தலை, சிரித்து முடித்த தலை என்று மொத்தம் இருபத்திரண்டு. கழுத்தில் ஒரு மூங்கில் குச்சி. தலையைக் கழற்றி அடுத்ததைச் செருகி, கையை ஒரு நூலளவு நகர்த்தி, ஜமால் பின்வாங்குவான். "இப்ப!" என்பான். நான் காமிராவின் விசையை அழுத்துவேன். இரண்டு முறை அழுத்தினால் ஒரு அசைவு. ஒரு வினாடிப் படத்துக்கு இப்படிப் பன்னிரண்டு தடவை. நடுவில் பக்கத்துக் கொட்டகையில் தீவனத்துக்குச் சோளத்தட்டை வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் மின்சாரம் இறங்கி விளக்கு மங்கும்; மாரப்பன் முகத்தில் சம்பந்தமில்லாத சோகம் படரும். மறுபடி முதலிலிருந்து.

முகங்களுக்கு மாதிரி தேடியதுதான் பெரிய கூத்து. பண்ணை ஆட்களைக் கூப்பிட்டு "பயந்த மாதிரி நில்லுங்கண்ணா" என்பான் ஜமால். அவர்கள் உடனே துண்டை உதறித் தோளில் போட்டு, தலையைத் தடவி, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, மூச்சை அடக்கி நிற்பார்கள். படம் என்று சொன்னால் மனிதர்கள் நிற்கும் விதம் அப்போது அது ஒன்றுதான். சந்தோஷத்துக்கும் அதே முகம், துக்கத்துக்கும் அதே முகம்.

கடைசியில் என்னை உட்காரவைத்தான். அரை மணி பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தான்.

"குமாஸ்தாவே, ஸ்கூல்ல எங்களுக்கு ஒன்பது உணர்ச்சி சொல்லிக் குடுத்தாங்க. உன் மூஞ்சியில ரெண்டுதான் இருக்கு."

"எந்த ரெண்டு?"

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. போட்டதுக்கு அப்பறம் ஒண்ணு."

ஆக, மனிதர்களை விட்டுவிட்டு, ஓவியப் பள்ளியின் ஒன்பது உணர்ச்சிப் படங்களையும் சின்ன வயதில் பார்த்த தெருக்கூத்தையும் நம்பி இருபத்திரண்டு தலைகளைச் செய்தான். கூத்தில் கடைசி வரிசைக்கும் தெரியவேண்டுமென்று முகத்தைப் பெரிதாகக் காட்டுவார்கள். காமிராவோ மூக்குக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. இது எங்களுக்குத் தெரியவந்தபோது லட்சுமக்கா வேப்பிலை கேட்டுக்கொண்டிருந்தார்.

துண்டுக்குள் கை

அடுத்த சந்தை நாளில் ஜமால் என்னையும் இழுத்துக்கொண்டு ஓசூர் மாட்டுச் சந்தைக்குப் போனான். விவசாயி முகத்தை விவசாயிகளிடமே பார்க்கவேண்டும் என்றான். எண்ணம் சரி. போன இடம்தான் தப்பு. உலகத்தில் முகத்தைக் காட்டாத இடம் ஒன்று உண்டென்றால் அது மாட்டுச் சந்தைதான்.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் தன் கைமேல் துண்டைப் போடுவார். வாங்குகிறவர் தன் கையை அதற்குள் நுழைப்பார். துண்டுக்குள் விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்திப் பேரம் நடக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. அதனால் இருவர் முகமும் சுவர் மாதிரி இருக்கும். நீட்டிய விரலை விடாமல் பிடித்துக்கொண்டால் அந்த விலைக்குச் சம்மதம்.

ஜமால் ஒரு தரகரின் எதிரே போய் நின்று முகத்தையே வெறித்தான். சின்னப்பா என்று பெயர். எங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். பக்கத்தில் ஆலம்பாடி எருதுகள் ஒரு ஜோடி.

"இன்னா பாய், வந்ததுல இருந்து என் மூஞ்சியவே பாத்துக்கினு கீற?" என்றார் சின்னப்பா.

"முகம் பாக்கத்தாண்ணா வந்தேன்."

"மாடு வாங்க வர்றவன் மாட்டுப் பல்லைப் பாப்பான். நீ என் பல்லைப் பாக்குற."

சொல்லிக்கொண்டே ஜமாலின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டுவிட்டார். கூச்சப்படுகிற வாடிக்கையாளர் என்று நினைத்தார்போலும். துண்டுக்குள் ஏதோ விரலை நீட்டினார். ஜமாலுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்கு அந்த விரலைப் பிடித்துக்கொண்டான். விடவும் இல்லை.

சின்னப்பாவின் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. இமைகள் மட்டும் மெதுவாக இறங்கின. ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு, இறங்கியதைவிட மெதுவாக ஏறின. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

"முடிஞ்சுது! ஓட்டிக்கினு போ" என்று கயிற்றை ஜமால் கையில் வைத்தார்.

ஜமால் கயிற்றைப் பார்க்கவே இல்லை. "அண்ணா, அந்தக் கண்ணை இன்னொரு தபா மூடித் தெறங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஜோடியும் ஓட்டிக்கினு போவ, கண்ணும் காட்டணுமா உனக்கு?" என்றார் சின்னப்பா. குரலில் சூடு ஏறியிருந்தது. சந்தையில் பிடித்த விரலை விடுவது சின்ன விஷயம் அல்ல.

இங்கேதான் என் படிப்பு உதவியது. நான் முன்னால் போய், அரசு ஊழியர் மேலதிகாரிக்குத் தெரிவிக்காமல் எருது வாங்கக்கூடாது, வாங்கினால் விற்றவரும் விசாரணைக்கு வந்து மூன்று பிரதியில் வாக்குமூலம் தரவேண்டும் என்றேன். முதல் பாதி விதி. இரண்டாவது பாதி நான். 'மூன்று பிரதி' என்றதும் சின்னப்பா கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நான் ஏமாந்ததே இதுலதான்" என்று துண்டை உதறினார். "வாங்கணும்னு வர்றவன்தான் மூஞ்சிய மூடிக்கினு நிப்பான். வேணாங்கறவன் சிரிச்சிக்கினு நிப்பான். நீ சிரிக்காம நின்னியேப்பா!"

திரும்பும்போது நான் சைக்கிளை மிதிக்க, பின்னால் கேரியரில் உட்கார்ந்து ஜமால் என் முதுகில் விரலால் தட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். "மூடுறதுக்கு நாலு. மூடி நிக்கிறதுக்கு மூணு. தெறக்குறதுக்கு அஞ்சு. மொத்தம் பன்னெண்டு அசைவு. ஒரு வினாடி, குமாஸ்தாவே! இருபத்திரண்டு தலையை மாத்தி நான் சொல்லாததை அந்த ஆளு ஒரு வினாடியில சொல்லிட்டான்."

பல்: தேவைக்கு மேல்

புதுத் தலை செய்வதற்கு ஒரு தடை இருந்தது. பழைய தலைகள் இருப்புப் பதிவேட்டில் இருந்தன. இருப்பில் உள்ள பொருளைக் கணக்கிலிருந்து கழிக்காமல் அதே பொருளை மறுபடி செய்யக்கூடாது. பதிவேட்டில் ஏற்றியதும் நான்தான் என்பதை ஜமால் அன்று பலமுறை நினைவூட்டினான்.

எங்களிடம் இருந்த கழிப்புப் படிவம் ஒன்றே ஒன்று. அது மாடுகளுக்கானது. வேறு படிவம் கேட்டு எழுதினால் பதில் வர வைகாசி ஆகும். ஆகவே மாட்டுப் படிவத்தையே நிரப்பினேன்.

இனம்: காகிதம். நிறம்: மாநிறம். கொம்பு: இல்லை. பல்: உண்டு, தேவைக்கு மேல். கறவை: இல்லை. கழிப்பதற்கான காரணம்: பொதுமக்களிடையே அச்சம்.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். மேசையில் வரிசையாக வைத்திருந்த தலைகளைப் பார்த்தார். சிரித்து முடித்த தலையின் வாயைப் பென்சிலால் தொட்டு, "நேரில் பரிசோதித்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கழித்த பிறகு என்ன செய்வது என்பதும் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது: சுண்ணாம்பு தூவி, ஆறடி ஆழத்தில் புதைக்கவும். நோய்க் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினோம். இருபத்திரண்டு தலைகளுக்கு ஆறடி கொஞ்சம் அதிகம்தான். ஆனால், ஐந்தடி என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

இன்று அந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலைச் சுவர்களும் லாரிகளும். யாராவது கடைக்கால் தோண்டும்போது மாரப்பனின் பற்களைக் கண்டு வேலையை நிறுத்தினால், பொறுப்பு என்னுடையது. காகிதம் மக்கியிருக்கும் என்று நம்புகிறேன். அந்தச் சுற்றறிக்கைகள் அவ்வளவு சீக்கிரம் மக்குகிற வகை அல்ல.

ஒரே தலை

புது மாரப்பனுக்குத் தலை ஒன்றுதான். வாய் மூடியே இருந்தது. முன்போலவே பொலிகாளை மயிரில் புருவம், இந்த முறை மீசையும். மாறுவது இமை மட்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து தேன் கொண்டுவருகிறவரிடம் மெழுகு வாங்கி, நகத்தின் அளவுக்கு மெல்லிய இமைகள் செய்தான்: திறந்த ஜோடி, கால் மூடியது, பாதி, முக்கால், முழுக்க மூடியது. ஊசிமுனையில் எடுத்துக் கண்மேல் ஒட்டவேண்டும். விளக்குச் சூட்டில் மெழுகு இளகி மாரப்பன் தூங்கி வழிந்தான். சுண்ணாம்புத் தூளைக் கலந்து பார்த்தான், நின்றது. தொண்டையில் ஒரு மெழுகு உருண்டை. அதை நூலளவு ஏற்றி இறக்கினால் எச்சில் விழுங்குவான்.

பக்கத்து வீட்டு எருது செத்துவிட்டது என்று மாரப்பன் கேள்விப்படும் கட்டம். அவன் தன் எருதின் திமிலில் கையை வைக்கிறான். இமை இறங்குகிறது, நிற்கிறது, ஏறுகிறது. விழுங்குகிறான். அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஏனப்பா, இவன் ஒண்ணுமே பண்ணலையே?"

"அவனை ஒண்ணும் பண்ணாம நிக்கவைக்கத்தான் சார் பதினோரு நாளா பாடுபடறேன்" என்றான் ஜமால்.

படச் சுருளை மதராஸுக்கு அனுப்பிக் கழுவி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. அது வந்து சேர்ந்தபோது பங்குனியில் நாலைந்து நாள்தான் மீதி இருந்தது.

மறுபடியும் சாக்கு

அதே கொட்டகை, அதே வேட்டி, அதே மத்தியானம். வேப்பிலைப் படம் என்று பெயர் பரவியிருந்ததால் கூட்டம் முன்னைவிட அதிகம். லட்சுமக்கா முன்வரிசையில் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மாரப்பன் வந்தான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு எருது செத்த கட்டம் வந்தது. இமை இறங்கி ஏறியது. கொட்டகையில் யாரோ இருமிய சத்தம் கேட்டது. படம் முடிந்தது. சாக்கைப் பிரித்தோம். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரும் எழுந்து, சேலையிலும் வேட்டியிலும் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். ஒரு முகத்திலும் ஒன்றும் இல்லை.

ஜமால் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். "போன தடவை சிரிச்சாவது வெச்சாங்க. இந்தத் தடவை அதுவும் இல்ல. நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்குக் கிருஷ்ணகிரி போறேன்பா."

"சின்னப்பா சொன்னது ஞாபகம் இல்லையா? வேண்டாமென்கிறவன்தான் சிரிப்பான்."

"அது மாட்டுக்கு" என்றான்.

"இதுவும் மாட்டுக்குத்தான்" என்றேன். அவன் காதில் விழவில்லை.

பங்குனிக் கடைசி என்றாலும், மறுநாள் விடியும்போது அந்த மேட்டு நிலத்தில் பனி இறங்கியிருந்தது. நான் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். முதலில் மணிச் சத்தம்தான் வந்தது. ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எண்ணமுடியாதபடி. பனிக்குள்ளிருந்து கொம்புகள் வந்தன, பிறகு மாடுகள், பிறகு ஆட்கள். எல்லோருக்கும் முன்னால் ஆறு மாடுகளோடு லட்சுமக்கா.

ஜமால் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தான். "அக்கா, படம் எப்பிடி இருந்துச்சு?"

"இன்னா படம்? நான் ஊசி போட வந்தேன் பாய்" என்றார் லட்சுமக்கா. முகம் சுவர் மாதிரி இருந்தது. பிறகு இமைகள் மெதுவாக இறங்கின, நின்றன, ஏறின.

ஜமால் என் பக்கம் திரும்பினான். அவன் கேட்காமலே சொன்னேன்: "பன்னிரண்டு."

தேன்கனிக்கோட்டைக்கு ஓட்டிப் போயிருந்த மாடுகள்கூட மூன்றாம் நாள் திரும்பி வந்தன. ஆனால், டாக்டர் அதுவரை காத்திருக்கவில்லை. அன்று பதினோரு மணிக்கு, சட்டைக் கையைக்கூட இறக்காமல் அலுவலகத்துக்கு வந்து, "கிளார்க், ஜமாலைப் பத்தி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதணும்" என்றார்.

நான் மேசை இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். முக்கால் பக்கம், இரண்டு பிரதி. தேதி மட்டும் காலியாக இருந்தது.

டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எப்போ டைப் அடிச்சது?"

"இப்பதான் சார்."

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வாசலில் நின்றிருந்த ஜமால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தபால் பதிவேட்டைப் பிரித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் மூஞ்சியில மூணாவது ஒண்ணும் இருக்கு, குமாஸ்தாவே" என்றான். "இமை காட்டிக் குடுத்துடுச்சு."